ஏழாம் பக்கம் எங்கே?



இந்த இதழில் வந்திருக்கும் சிறுகதைகளில் ஒன்று, ஒரு பக்கம் குறைந்துதான் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. எழுதியவர் மானாமதுரைப் பக்கம் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோடு போட்ட நோட்டில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதுவார். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். நான்கு வருடமாக இதுதான் ஏற்பாடு.

இந்த முறை ஆறு பக்கம் திங்கட்கிழமை இரவு வந்தது. எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் புதன்கிழமை வந்தன. ஆறாம் பக்கத்தின் கடைசி வரியில் கதாநாயகி பஸ்ஸுக்காக நிற்கிறாள். எட்டாம் பக்கத்தின் முதல் வரியில் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது? எங்கள் பக்க வடிவமைப்பாளர் தம்பி, "நவீன உத்தியா இருக்குமோ சார்?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அப்படியும் எழுதுகிறார்கள் என்பதால் நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு டீச்சருக்கே போன் போட்டேன்.

"அனுப்பலையா சார்? எடுத்தேனே! கிளிக்குனு சத்தம் கேட்டுச்சே!" என்றார். பிறகு தானே கண்டுபிடித்து, "எடமில்லைன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சு. அதுல ஏழு விழுந்துபோச்சு போல. சனிக்கிழமை மதுரைக்கு வர்ற வேலை இருக்கு. நோட்டோடயே வந்துடுறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். மஞ்சள் பையில் நோட்டு, கொய்யாப்பழம் ஒரு கிலோ, போன். ஏழாம் பக்கத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, போனை என் மேஜை மேல் வைத்தார். "இதுக்கு என்னதான் நோவுன்னு பாருங்க சார். பேரன் போட்டோவைக்கூட அழிச்சுப் பாத்துட்டேன். எடமே வர மாட்டேங்குது."

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தீபாவளி போனஸில் வாங்கித் தந்த போன் அது. விலை ஏழாயிரத்துச் சொச்சம். பெட்டியில் 32 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருந்ததாம். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்த விலையில் எதை வாங்கினாலும் கதை ஏறக்குறைய இதுதான்.

ஸ்டோரேஜ் என்ற இடத்தைத் தொட்டால் வண்ண வண்ணமாக ஒரு கோடு வரும், பார்த்திருப்பீர்கள். டீச்சரின் போனில் அந்தக் கோட்டில் வெள்ளை என்று ஒன்று மிச்சமே இல்லை. சிஸ்டம் மட்டும் 14 ஜிபி. ஆப்கள் 9 ஜிபி. வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவை 7 ஜிபி. எல்லாம் போக மீதி 200 எம்பி சொச்சம். அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடிக்கலாம்தான். ஆனால் கேமராவைத் திறந்த நேரத்தில் பின்னால் வேறு ஏதோ ஓர் ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கினால் அதுவும் போச்சு. அன்றைக்கு ஏழாம் பக்கத்துக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். திரையில் மொத்தம் 58 ஆப் படங்கள். "இதுல நீங்க எதெல்லாம் தொடுவீங்க டீச்சர்?" என்று கேட்டேன். விரல் விட்டுச் சொன்னார். போன், கேமரா, போட்டோ, வாட்ஸ்அப், யூடியூப். ஐந்து. ஆறாவதாகப் பஞ்சாங்கம் ஒன்று இருந்ததாம், பக்கத்து வீட்டுப் பெண் இறக்கிக் கொடுத்தது. நல்ல நேரம், கௌரி பஞ்சாங்கம், சந்திராஷ்டமம் எல்லாம் காட்டும். "அதை எடுத்துட்டேன் சார். அது ஒண்ணைத்தான் எடுக்க விட்டுச்சு."

கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் போனில் அவர் ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட ஆப் அது ஒன்றுதான். வெளியேற்ற முடிந்ததும் அது ஒன்றைத்தான். அவர் கேட்காமல் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். இரண்டு பிரவுசர். போட்டோ பார்க்க இரண்டு ஆப். காலண்டர் இரண்டு, அதில் ஒன்றுக்கும் ராகு காலம் தெரியாது. பங்குச் சந்தை ஆப் ஒன்று. திரைக்கு விதவிதமாகச் சட்டை மாட்டிவிடும் கடை ஒன்று. மிட்டாய்களை வரிசையாக உடைக்கும் விளையாட்டு ஒன்று. வீடியோ எடுத்து உலகத்துக்குக் காட்டச் சொல்லும் ஆப்கள் மூன்று. பங்குச் சந்தையை நீண்ட நேரம் அழுத்திப் பார்த்தேன். 'முடக்கு' என்று ஒரு சொல் வந்தது. பிரவுசரில் அதுவும் வரவில்லை. அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது கும்பகோணத்தில் வாடகைக்குக் குடியிருந்தோம். முற்றம் வைத்த பழைய வீடு. மூன்று அறையில் ஓர் அறையை வீட்டுக்காரர் பூட்டி வைத்திருந்தார். உள்ளே அவருடைய பத்தாயம், கால் உடைந்த தொட்டில், என்றைக்கோ நடக்கப்போகும் கல்யாணத்துக்கு வாங்கிய அண்டா குண்டா. ராத்திரியில் எலி ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். மழைக்காலத்தில் விறகையும் வரட்டியையும் வைக்க இடம் இல்லாமல் அம்மா கூடத்திலேயே அடுக்குவார். "முழு வீட்டுக்கு வாடகை, முக்கால் வீட்டுல குடித்தனம்" என்று மாதா மாதம் ஒன்றாம் தேதி முணுமுணுப்பார். டீச்சரின் போனைப் பார்த்தபோது அந்தப் பூட்டு ஞாபகம் வந்தது. ஆனால் அது வாடகை வீடு. வீட்டுக்காரருக்கு ஒரு நியாயம் இருந்தது. இங்கே கிரயம் முழுசாகக் கொடுத்தாகிவிட்டது, அறைச் சாவி மட்டும் வந்து சேரவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தம்பிதான் விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் இடத்தை ஃபேக்டரியிலேயே பாத்தி கட்டிப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு பாத்தி சிஸ்டத்துக்கு. அதைப் படிக்கலாம், மாற்றி எழுத முடியாது. இன்னொரு பாத்தி நமக்கு. நாம் இறக்கும் ஆப், எடுக்கும் படம், வரும் மெசேஜ் எல்லாம் நம் பாத்திக்குள். கம்பெனி கூடவே வைத்து அனுப்பும் ஆப்களில் பல சிஸ்டம் பாத்தியில் இருக்கின்றன. அதனால்தான் அவற்றை நீக்க முடியவில்லை. சரி, அவர்கள் பாத்தியில் அவர்கள் பயிர் என்று விட்டுவிடலாம் என்றால், அங்கேதான் வில்லங்கம். அந்த ஆப்புக்குப் புது வெர்ஷன் வரும்போது, எழுத முடியாத பாத்தியில் அதை வைக்க முடியாது. அதனால் புதுசு வந்து நம் பாத்தியில் உட்காரும். பழசு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே ஆப்புக்கு இரண்டு இடம்.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. வீதியுலா வருகிறவர் உற்சவர். அப்டேட் என்று நம் தெருவுக்குள் வந்து இடம் பிடிப்பது உற்சவர்தான். 'முடக்கு' என்பதை அழுத்தினால், பழைய வெர்ஷனுக்கே மாற்றிவிடவா என்று போன் கேட்கும். சரி என்றால் உற்சவர் உள்ளே திரும்பிவிடுவார், நம் இடம் நமக்குக் கிடைக்கும், பின்னால் ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுவிடும். மூலவரை யாரும் அசைக்க முடியாது. அசைத்தாலும் அந்த இடம் நம் கணக்கில் சேராது என்கிறார் தம்பி. சாமிக்கும் மிட்டாய் விளையாட்டுக்கும் உவமை சொன்னதற்குப் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

பெட்டியில் போட்ட எண்ணுக்கும் கையில் கிடைக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் பழைய வழக்கு. விற்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. அந்தக் கணக்கிலேயே 32 என்பது கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் 29.8 ஆகிவிடும். அது கைத்தராசில் கொஞ்சம் தட்டு சாய்வது மாதிரி, பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது சிஸ்டம் அடைத்துக்கொள்ளும் இடம். 2013இல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்4 வந்தபோது, 16 ஜிபி என்று விற்ற போனில் வாங்கியவருக்கு மிஞ்சியது 9 ஜிபிக்கும் குறைவு. பிரிட்டனில் பிபிசியின் நுகர்வோர் நிகழ்ச்சி வரை அந்தப் புகார் போனது. அதற்கு அடுத்த வருடம் செப்டம்பரில், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து ஆண்ட்ராய்டு ஒன் போன்களை அறிமுகப்படுத்தினார். மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் என்று மூன்று கம்பெனிகள், 6,399 ரூபாயிலிருந்து விலை. உள்ளே இருந்த இடம் 4 ஜிபி. சிஸ்டத்துக்கு எடுத்துக்கொண்டது போக என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் ஸ்மார்ட்போனாக அப்படி ஒன்றை வாங்கியவர்கள் நம் வாசகர்களிலேயே இருப்பீர்கள்.

யார் இதை ஏற்றுகிறார்கள், எதற்காக? இரண்டு கைகள் உண்டு. ஒன்று போன் செய்கிறவருடைய கை. விலை குறைந்த போனில் லாபம் கொஞ்சம்தான். ஷாவ்மி கம்பெனி 2018இல், போன் போன்ற பொருள்களை விற்பதில் ஐந்து சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னது. மீதியை விளம்பரத்திலும் இணையச் சேவைகளிலும் எடுப்பது அதன் வழி. ஆப் கம்பெனிகளும் தங்கள் சரக்கைப் புதுப் போனில் ஏற்றி அனுப்பக் காசு கொடுக்கின்றன. டீச்சரின் மகன் கொடுத்த ஏழாயிரம் போதாமல், மிட்டாய் விளையாட்டுக்காரரிடமும் கொஞ்சம் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசால்தான் போன் இந்த விலைக்குக் கிடைக்கிறது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கலாம். அப்படியானால் அதைப் பெட்டி மேல் அச்சடித்துவிடலாமே. 'இதில் மூன்றில் ஒரு பங்கு இடம் வேறு ஆட்களுக்கு' என்று.

இன்னொரு கை கூகுளுடையது. பிளே ஸ்டோர் இல்லாமல் நம் ஊரில் போன் விற்க முடியாது. அது வேண்டும் என்றால் தன் மற்ற ஆப்களையும் கூடவே ஏற்ற வேண்டும் என்று கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருந்தது. எங்கள் தெரு மளிகைக் கடையில் ஒரு காலத்தில் ரவை வாங்கினால் சோப்பும் வாங்க வேண்டும் என்பார்கள், அது மாதிரி. இந்தியப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கூடவே சில உத்தரவுகளும் இட்டது. அதில் ஒன்று நம் டீச்சருக்காகவே எழுதியது போல இருந்தது: போனோடு வரும் கூகுள் ஆப்களை வேண்டாம் என்றால் வாங்கியவர் நீக்கிக்கொள்ளலாம், தடுக்கக் கூடாது.

அந்த உத்தரவு நிலைக்கவில்லை. 2023 மார்ச்சில் தேசிய கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே உறுதி செய்துவிட்டு, உத்தரவுகளில் நான்கை ரத்து செய்தது. ஆப்களை நீக்கிக்கொள்ளும் உரிமை அந்த நான்கில் ஒன்று. முடக்கும் வசதிதான் இருக்கிறதே என்பது வாதம். வழக்கு பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. அபராதத் தொகையில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணியவர்களுக்கெல்லாம் அந்தச் செய்தி நினைவிருக்கும். ரத்தான அந்த ஒரு வரி எத்தனை பேர் கண்ணில் பட்டது என்று தெரியவில்லை. நானே இந்தப் பக்கத்துக்காகப் பழைய பத்திரிகைக் கட்டைப் பிரித்தபோதுதான் கவனித்தேன்.

மற்ற ஊர்களில் இதை இப்படி விட்டுவிடவில்லை. தென் கொரியா 2014லேயே, போனோடு வரும் தேவையில்லாத ஆப்களை நீக்க வழி வைக்கச் சொல்லி வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஷாங்காய் நகரத்து நுகர்வோர் அமைப்பு 2015இல் சாம்சங் மீதும் ஒப்போ மீதும் வழக்குப் போட்டது. அவர்கள் எண்ணியதில் ஒப்போவின் ஒரு மாடலில் 71 ஆப், சாம்சங்கின் ஒரு மாடலில் 44. டீச்சரின் 58ஐ நான் எண்ணியபோது, எனக்கு முன்னால் ஷாங்காயில் யாரோ உட்கார்ந்து இதே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதலாகத்தான் இருந்தது. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் பெரிய கம்பெனிகள் டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும். அதன் பிறகு அங்கே ஐபோனில் சஃபாரியையும் கேமராவையும், ஆப் ஸ்டோரையும்கூட நீக்கிவிடலாம். அதே போனை மதுரையில் வாங்கினால் அந்த வசதி கிடையாது. சட்டம் இருக்கிற இடத்தில் மூலவரும் அசைகிறார் என்று தெரிகிறது.

நம் அரசாங்கமும் இந்த வீட்டில் ஓர் அறை கேட்டுப் பார்த்தது. 2025 நவம்பர் 28ஆம் தேதி தொலைத்தொடர்புத் துறை ஓர் உத்தரவு போட்டது. இனி வரும் எல்லாப் போன்களிலும் சஞ்சார் சாத்தி ஆப் முன்கூட்டியே இருக்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்கக் கூடாது என்று. ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்ட போன்களுக்கு அப்டேட்டில் அனுப்பச் சொன்னார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். டிசம்பர் 3ஆம் தேதி கட்டாயத்தைக் கைவிட்டார்கள். தொலைந்த போனை முடக்கவும், நம் பெயரில் வேறு யாராவது சிம் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும் அந்த ஆப் நிஜமாகவே உதவும். நான் என் போனில் வைத்திருக்கிறேன், நானே இறக்கி. நல்ல விருந்தாளிதான். ஆனாலும் கதவைத் தட்டிவிட்டு வருவதுதானே முறை.

பேச்சு இங்கே வந்தபோது டீச்சரிடம் இன்னொரு சங்கதி சொன்னேன். 2021இல் மகாராஷ்டிரத்து அங்கன்வாடிப் பணியாளர்கள், குழந்தைகளின் எடையும் உயரமும் பதியச் சொல்லி அரசு கொடுத்த போன்களை இது வேலைக்கு ஆகாது என்று மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். போனின் திறன் குறைவு, பதிவதற்கான ஆப் அதைத் தாண்டிய சுமை. "திருப்பிக் கொடுத்துட்டாகளா? மொத்தமாவா?" என்று கொய்யாப்பழத்தை நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "நல்ல பொம்பளைக" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்கினார்.

இதற்குள் தம்பி போனை வாங்கி வேலையில் இறங்கியிருந்தார். முதலில் கண்டுபிடித்தது ஓர் ஆனந்தமான விஷயம். பேரன் படங்களை அழித்தும் இடம் வரவில்லை என்று டீச்சர் சொன்னாரல்லவா? அழித்த படங்கள் எங்கேயும் போகவில்லை. போட்டோ ஆப்புக்குள் குப்பைத் தொட்டி ஒன்று இருக்கிறது. அழித்தது முப்பது நாள் அதற்குள் கிடக்கும். கிடக்கிற நாள் வரைக்கும் இடத்தையும் அடைத்துக்கொண்டுதான் கிடக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு படம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு அவர் அழித்த எதுவும் ஒரு எம்பி இடத்தைக்கூடத் தரவில்லை. எட்டாம், ஒன்பதாம் பக்கத்துக்கு இடம் கொடுத்தது பஞ்சாங்கம்தான். தம்பி தொட்டியைத் திறந்து காட்டினார். காதுகுத்துப் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. மாமன் மடியில் உட்கார்ந்து வாயைக் கோணிக்கொண்டு அழும் பையன், காதில் சந்தனம். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும் வரை நாங்கள் பேசவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் தம்பி மீட்டு வைத்தார்.

இடம் கிடைத்தது வேறு வழிகளில். வீடியோ ஆப்கள் மூன்றில் இரண்டும், மிட்டாய் விளையாட்டும், சட்டை மாட்டும் கடையும் நிஜமாகவே நீக்கக் கூடியவையாக இருந்தன. கூட வந்தது எல்லாமே போகாது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம், அப்படி இல்லை. நீளமாக அழுத்திப் பாருங்கள், 'நிறுவல் நீக்கு' என்று வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டால் 'முடக்கு'. பெயரே புரியாத சிஸ்டம் ஆப்களில் மட்டும் கை வைக்காதீர்கள், கால் வராமல் போய்விடும். பங்குச் சந்தையையும் இரண்டாவது காலண்டரையும் முடக்கினோம்.

பெரிய மூட்டை வாட்ஸ்அப்பில் இருந்தது. அதற்கு எந்தக் கம்பெனியையும் திட்ட முடியாது, நாம்தான் காரணம். காலை வணக்கம்! ரோஜாப்பூ, சூரியன், முருகன், காபி கோப்பை. நான்கு வருடத்து விடியல்கள் ஒன்றுவிடாமல் அந்தப் போனில் இருந்தன. இது பற்றி அமெரிக்கப் பத்திரிகையான வால் ஸ்ட்ரீட் ஜர்னலே 2018 ஜனவரியில் எழுதியது. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூவரில் ஒருவருக்குத் தினமும் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்று ஸ்டோரேஜ் கம்பெனி ஒன்றின் கணக்கையும் அதில் போட்டிருந்தார்கள். அதற்குச் சில வாரம் முன்பு கூகுள் கொண்டுவந்த ஃபைல்ஸ் ஆப், காலை வணக்கப் படங்களைத் தேடிப் பிடித்து அழிக்கக் கற்றுக்கொண்டிருந்தது. இடத்தைச் சுத்தம் செய்ய இன்னோர் ஆப்! அதுவும் இப்போது பல போன்களில் கூடவே வருகிறது, நீக்க முடியாது. சரி, அதையாவது பயன்படுத்துவோம் என்று பயன்படுத்தினோம். முருகன் படங்களை மட்டும் அழிக்க வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ஒரே மாதிரி இருந்த பதினேழு பழனியாண்டவர்களில் ஒருவரையாவது வைத்துக்கொண்டு மற்றவர்களை விடலாமா என்று தம்பி கேட்டதற்கு, அவர் பார்த்த பார்வையில் தம்பி அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

கடைசியில் நான்கரை ஜிபி தேறியது. முதல் வேலையாகப் பஞ்சாங்கத்தை மறுபடி இறக்கினோம். "இன்னிக்கு என்ன நட்சத்திரம்னே தெரியாம பஸ் ஏறினேன் சார்" என்றார்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் எங்கள் மேலாளர் சிரிப்பார். நம் இதழைப் பிரித்தால் சில மாதங்களில் உள்ளேயிருந்து நகைக்கடை நோட்டீஸ் மடியில் விழும். ஒரு தீபாவளிக்கு அட்டையில் ஷாம்பூ பாக்கெட் ஒட்டி அனுப்பினோம், அது உடைந்து தொடர்கதை வழவழவென்று ஆகிவிட்டது என்று திண்டுக்கல் வாசகர் ஒருவர் எழுதினார். நீங்கள் கேட்டா வைத்தோம்? காகித விலைக்கு அந்தக் காசு தேவைப்படுகிறது, போன் கம்பெனி சொல்லும் அதே காரணம். ஆனால் நோட்டீஸை எடுத்துக் குப்பையில் போட்டால் அது குப்பையில் இருக்கும். ஷாம்பூவைத் தலையில் தேய்த்துக்கொள்ளலாம். நோட்டீஸுக்காக ஒரு கதையை எடுத்துவிட்டு அனுப்பியதில்லை, அந்த அளவுக்கு எங்கள் மேல் நம்பிக்கை வையுங்கள்.

கிளம்பும் முன் டீச்சர் ஒரு காரியம் செய்தார். ஏழாம் பக்கத்தைத் தம்பி ஏற்கெனவே தட்டச்சு செய்து முடித்துவிட்டார். இருந்தாலும் நோட்டை மேஜையில் விரித்து வைத்து, ஜன்னல் வெளிச்சம் விழும்படி திருப்பி, தன் போனில் படம் பிடித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் போன் டிங் என்றது. "வந்துருச்சா சார்?" வந்துவிட்டது. நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கதை 34ஆம் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸுக்கு நின்றவள் போலீஸ் ஸ்டேஷனுக்கு எப்படிப் போனாள் என்பதை நான் சொல்ல மாட்டேன். கதையிலேயே நல்ல இடம் அதுதான், அது இல்லாமலே அச்சுக்கு அனுப்பியிருப்போமோ என்று இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது.

அச்சுக்குப் போகும் அன்று டீச்சர் போன் செய்தார். ராத்திரி ஏதோ அப்டேட் என்று கேட்டதாம், சரி என்று அழுத்தியிருக்கிறார், காலையில் போன் தானாக அணைந்து மறுபடி ஒளிர்ந்திருக்கிறது.

"அந்த மிட்டாய் ஒடைக்கிற வெளாட்டு திரும்ப வந்து உக்காந்திருக்கு சார்."

"நீளமா அழுத்துங்க டீச்சர், போயிடும்."

"அழுத்துறேன். அடுத்த கதை பாதி எழுதியாச்சு. தபால்ல அனுப்பவா?"

அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்